காற்று நிறைந்த கரையில் மூச்சுக்குத் துணை

புதுச்சேரிக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் காந்தி சிலைக்கு முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். மஞ்சள் பூசிய பிரெஞ்சுக் கட்டடங்களைச் சுற்றிப் பார்ப்பார்கள். கடற்கரைச் சாலையில் வடக்கே நடந்து, தலைமைச் செயலகம் வந்ததும் பெரும்பாலானவர்கள் திரும்பிவிடுவார்கள். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் ஊரின் முகமே மாறிவிடும். அகலமான தெருக்கள் சந்துகளாகச் சுருங்கும். பூட்டிய பங்களாக்கள் போய், வாசலில் ஆள் உட்கார்ந்திருக்கும் வீடுகள் வரும். கரையில் கருங்கற்கள், படகுகள், மடித்து வைத்த வலைகள். இதுதான் குருசுக்குப்பம்.

குருசு என்றால் சிலுவை. போர்த்துகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த சொல். குப்பம் என்பது மீனவர் குடியிருப்பு. பக்கத்திலேயே வைத்திக்குப்பம். மாசி மகத்தன்று மயிலம் முருகன் முதலாகச் சுற்றுவட்டாரத்துச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து சேரும் கடற்கரை அது. சிலுவையின் பெயர் கொண்ட குப்பமும் சாமிகள் கூடும் குப்பமும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன.

முன்பு இங்கே நல்ல மணல்வெளி இருந்தது. 1980-களில் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கல்சுவர்கள் கட்டினார்கள். கடல் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுவரும் மணல் அங்கேயே தேங்கிவிட, வடக்கே இருந்த கரை கரைந்தது. வீடுகளைக் காப்பாற்றக் கருங்கல் கொட்ட வேண்டியதாயிற்று. படகு இழுக்க இருந்த இடம் போனது. சாயங்காலம் வயதானவர்கள் காலை நீட்டி உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொள்ள இருந்த இடமும் சுருங்கிப் போனது.

கடல் இருபதடியில் இருக்கிறது, காற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் இதுபோன்ற குப்பங்களில் மூச்சுக்குத் தவிக்கிறவர்கள் உண்டு. அவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள், எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ள குருசுக்குப்பம் நல்ல இடம். காரணம், அங்கே இருக்கும் ஒரு சுகாதார மையம்.

ஜிப்மரின் சின்ன வாசல்

கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் மருத்துவமனையைத் தமிழகத்தின் வட மாவட்டங்களில் தெரியாதவர்கள் குறைவு. அதன் வேர் பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளி. 1964-ல் ஜவஹர்லால் நேருவின் பெயர் வந்தது. 2008-ல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது.

இந்த இடத்தில் ஒரு பிரெஞ்சு டாக்டரையும் நினைத்துக்கொள்ளலாம். புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி தொடங்குவதற்கு ஏழு வருடங்களுக்கு முன், 1816-ல், பாரிஸில் ரெனே லேனெக் என்பவர் ஒரு காகிதக் கத்தையைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் பிறந்த கதை அதுதான். நுரையீரலின் ஒவ்வொரு சத்தத்துக்கும் அர்த்தம் எழுதி வைத்த அந்த மனிதர், 1826-ல் காசநோயால் இறந்துபோனார்.

ஜிப்மரின் நோய்த் தடுப்பு மற்றும் சமுதாய மருத்துவத் துறை, குருசுக்குப்பத்தில் ஒரு நகர்ப்புற சுகாதார மையத்தை நடத்துகிறது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், வாழைக்குளம், சின்னையாபுரம் ஆகிய நான்கு பகுதிகள் அதன் பொறுப்பு. சுமார் 10,000 பேர். டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் பெரிய ஆஸ்பத்திரியின் வார்டில் நோயைப் பார்க்கிறார்கள். இங்கே வந்து நோயாளியின் வீட்டைப் பார்க்கிறார்கள். இந்த வித்தியாசம் மூச்சு நோய்களில் மிக முக்கியம்.

ஏன் என்றால், இளைப்புக்காரர் ஆஸ்பத்திரியில் இருப்பது வருடத்தில் சில நாட்கள்தான். மீதி நாட்களுக்கு அவருடைய வார்டு, அவர் வீடு. நர்ஸ், அவருடைய மனைவியோ மருமகளோ பேத்தியோ. மையத்தின் சிஸ்டர் செய்யக்கூடிய பெரிய வேலையே, அந்த வீட்டு நர்ஸைத் தயார் செய்வதுதான்.

யாருக்கு மூச்சு வாங்குகிறது?

எல்லா இளைப்பும் ஒன்றல்ல. சிறு வயதிலேயே வந்து, விட்டு விட்டு வருவது பெரும்பாலும் ஆஸ்துமா. நாற்பதைத் தாண்டிய பிறகு மெல்ல மெல்ல வந்து, விடாமல் கூடிக்கொண்டே போவது பெரும்பாலும் சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் உலகம் முழுக்க 35 லட்சம் பேர் இதனால் இறந்தார்கள். இறப்புக்கான காரணங்களில் இதற்கு நான்காவது இடம்.

சிஓபிடி என்றதும் பீடி, சிகரெட்தான் நினைவுக்கு வரும். அது சரிதான். ஆனால் வாழ்நாளில் ஒரு பீடிகூடத் தொடாத ஆயாக்களுக்கும் இது வருகிறது. முப்பது, நாற்பது வருடம் விறகு அடுப்பின் முன் உட்கார்ந்து ஊதியவர்கள் அவர்கள். கேஸ் அடுப்பு வந்துவிட்டாலும் பழைய புகை நெஞ்சுக்குள் தன் வேலையைச் செய்து முடித்திருக்கும். இன்னும் சிலர், எப்போதோ காசநோய் வந்து குணமானவர்கள். கிருமி போய்விட்டது, தழும்பு நுரையீரலில் தங்கிவிட்டது.

‘வயசாச்சு, மூச்சு வாங்குது’ என்று இவர்கள் எல்லாரும் ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். முன்பு ஒரே மூச்சில் மாடிப்படி ஏறியவர் இப்போது நடுவில் நிற்கிறார் என்றால், அதற்கு வயது மட்டும் காரணம் அல்ல. அதைக் கேட்டு, ஸ்பைரோமெட்ரி என்ற ஊதிப் பார்க்கும் பரிசோதனைக்கு அனுப்புவதில்தான் கவனிப்பு தொடங்குகிறது.

சத்தமில்லாமல் எண்ண வேண்டும்

மூச்சு நோயாளியைப் பார்க்க வரும் நல்ல நர்ஸ், பையிலிருந்து எந்தக் கருவியையும் எடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்வார். எதிரில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார். பேசும்போதே, நோயாளி ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்கிறாரா, நடுவில் நிறுத்தி மூச்சு இழுக்கிறாரா என்று கவனிப்பார். கழுத்துச் சதை ஒவ்வொரு மூச்சுக்கும் இழுக்கிறதா, உதடும் நகமும் நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் நாடி பிடிப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுவார். ‘எண்ணுகிறேன்’ என்று சொன்னால் மூச்சின் வேகம் மாறிவிடும். அதனால் சொல்வதில்லை.

பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. குழந்தைகளுக்குக் கணக்கு வேறு. இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேக மூச்சு, நிமோனியாவாக இருக்கலாம். குழந்தை மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாத ஆயாகூட இதைக் கற்றுக்கொள்ளலாம். தேவை, விநாடி முள் உள்ள ஒரு கடிகாரமும் கொஞ்சம் பொறுமையும்.

உட்காரும் விதத்திலும் மருந்து உண்டு

மூச்சு முட்டும்போது வீட்டில் இருப்பவர்கள் முதலில் செய்யும் தப்பு, நோயாளியைப் படுக்க வைப்பது. படுத்தால் இன்னும் மோசமாகும். நிமிர்த்தி உட்கார வைத்து, சற்று முன்னால் சாய்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றச் சொல்ல வேண்டும். நாற்காலியோ மேஜையோ இருந்தால் அதன் மேல் தலையணை போட்டு, அதில் கைகளை மடித்து வைத்துக் கவிழ்ந்துகொள்ளலாம். தோள் சதைகள் அப்போது மூச்சுக்கு உதவிக்கு வரும். களைத்த மனிதர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே இந்த நிலைக்கு வந்துவிடுவதைப் பார்க்கலாம். உடம்புக்குத் தெரிந்த வித்தை அது.

அடுத்தது, உதடு குவித்து ஊதுவது. மூக்கு வழியாக இரண்டு எண்ணும் வரை உள்ளே. சூடான டீயை ஆற்றுவதுபோல் உதட்டைக் குவித்து நான்கு எண்ணும் வரை வெளியே. சிஓபிடியில் கஷ்டம் காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதில்தான் அதிகம். பழைய காற்று உள்ளேயே தேங்கினால் புதுக் காற்றுக்கு இடமேது? உதடு குவித்து ஊதும்போது மூச்சுக் குழாய்கள் சீக்கிரம் மூடிக்கொள்ளாமல் திறந்தே இருக்கும். தேங்கிய காற்று மெல்ல வெளியேறும். குளிக்கும்போது, மாடி ஏறும்போது, குடம் தூக்கும்போது இப்படிச் செய்யப் பழகியவருக்கு நாள் பாதி லேசாகிவிடும்.

முழுங்கிய கேப்ஸ்யூல்

“மாத்திரைய முழுங்கிட்டுத்தான் இருக்கேன் சிஸ்டர், இளைப்பு கேக்கவே இல்லையே!”

மூச்சு நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ்கள் எந்த ஊரிலும் கேட்கக்கூடிய புகார் இது. விசாரித்தால், சின்னக் கருவியில் போட்டு உறிஞ்ச வேண்டிய கேப்ஸ்யூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்கியிருப்பார். மருந்தில் குறையில்லை, போக வேண்டிய இடத்துக்கு அது போகவில்லை, அவ்வளவுதான்.

பம்பு எனப்படும் இன்ஹேலரிலும் இதே கதை. முதலில் குலுக்க வேண்டும். மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும். ஒரு முறை அழுத்தி, மெதுவாக, ஆழமாக உள்ளே இழுத்து, பத்து விநாடி அடக்க வேண்டும். பொடி மருந்துக் கருவியோ இதற்கு நேர் எதிர். அதை வேகமாக, பலமாக உறிஞ்ச வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்தால் மருந்து நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஸ்டீராய்டு கலந்த மருந்தாக இருந்தால், முடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் புண் வரும்.

கை நடுங்கும் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஸ்பேசர் என்ற குடுவை பெரிய உதவி. அதை வாங்க முடியாதவர்களுக்காகத் தென்னாப்பிரிக்க டாக்டர்கள் ஒரு வழி கண்டார்கள். அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பம்பின் வாய் அளவுக்கு ஓட்டை போட்டு, அதைப் பொருத்தி ஒட்டி, ஆஸ்துமா வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கடையில் விற்கும் ஸ்பேசருக்கு இணையாக வேலை செய்தது. 1999-ல் லான்செட் மருத்துவ இதழில் அந்த முடிவு வெளியானது. குளிர்பானம் குடித்துத் தூக்கிப் போடும் பாட்டில் ஒரு குழந்தையின் நெஞ்சைத் திறந்துவிட்டது!

‘பம்பு அடிச்சா பழகிடும், அப்புறம் விடவே முடியாது’ என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொள்கிறவர் கண்ணாடிக்கு அடிமையாகிவிடுவதில்லை. தேவை இருக்கிறது, போட்டுக்கொள்கிறார். பம்பும் அப்படித்தான். மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவே போதும் என்பதுதான் அதன் பலமே.

வீட்டுக்குள் ஒரு புகைக்கூண்டு

நர்ஸ்கள் வீடு தேடிப் போவதன் உண்மையான லாபம் இங்கேதான். புறநோயாளிகள் பிரிவில் உட்கார்ந்திருக்கும்போது தெரியாதது, வாசற்படி ஏறியதும் தெரிந்துவிடும். சந்து வீடு. மூன்று பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். ஒரே ஜன்னல், அதையும் கொசுவுக்குப் பயந்து சாத்தியிருப்பார்கள். கட்டிலுக்கு அடியில் கொசுவத்திச் சுருள்.

ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இளைப்பு உள்ளவரின் தலைமாட்டில் ராத்திரி முழுக்க அது எரிகிறது. காலையில் ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, போகியில் டயர், தீபாவளியில் பட்டாசு. மழைக்காலத்தில் ஓதம் ஏறிய சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம்.

இங்கே ‘சாம்பிராணி போடாதீங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. கொசுவலை கட்டுங்கள், சாம்பிராணி போடும்போது தாத்தாவை வாசலில் உட்கார வையுங்கள், பூஜை முடிந்ததும் கதவைத் திறந்துவிடுங்கள் என்று சொன்னால் கேட்பார்கள். நர்ஸ் தொழிலுக்கு இலக்கணம் வகுத்த ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், தன் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தையே காற்றோட்டத்துக்குத்தான் ஒதுக்கினார். கடலைப் பார்த்த ஜன்னலைத் திறந்து வைப்பது இன்றைக்கும் நல்ல சிகிச்சைதான்.

தாம்பரத்தைத் தாண்டி வந்த பாடம்

வீட்டிலேயே நுரையீரல் நோயைப் பார்த்துக்கொள்ள முடியுமா? இந்தக் கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்னது, புதுச்சேரியிலிருந்து மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கும் சென்னை.

காசநோய் என்றால் ஒரு காலத்தில் சானடோரியம்தான். தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928-ல் தொடங்கியது அப்படி ஒன்று. இன்றும் அந்த ரயில் நிலையத்தின் பெயரே சானடோரியம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் ஓய்வு. ஆனால் எல்லாருக்கும் படுக்கை எங்கே இருக்கிறது? புதுமைப்பித்தனை நாம் 1948-ல் பறிகொடுத்தது இந்த நோய்க்குத்தான்.

1956-ல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்குச் சானடோரியம். பாதிப் பேருக்கு அவரவர் வீடு. இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் ஓய்வும் குறைவு, நெரிசல் அதிகம். ஆனால் மருந்து ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கே வந்தார்கள். மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைப் பரிசோதித்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது. இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமாகியிருந்தன. வீட்டில் கூட இருந்தவர்களுக்கு அதனால் நோய் அதிகமாகப் பரவவும் இல்லை என்பது, ஐந்து வருடம் தொடர்ந்து கவனித்ததில் உறுதியானது. அதற்குப் பிறகு உலகம் முழுக்கச் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

அந்த ஆய்வு ‘வீட்டில் விட்டுவிடுங்கள்’ என்று சொல்லவில்லை. ‘வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்’ என்று சொன்னது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்துக்குப் பெயர்தான் செவிலியம். இன்றைக்குச் சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து போதும். சத்தான சாப்பாட்டுக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த அரசு உதவித்தொகை, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய் ஆகியிருக்கிறது. ஆனாலும் தட்டையும் டம்ளரையும் தனியாக ஒதுக்கி வைக்கும் வீடுகள் இருக்கின்றன. காசநோய் தட்டு, டம்ளரால் பரவுவதில்லை. இருமும்போது காற்றில்தான் பரவுகிறது. மாஸ்க் போடுங்கள், ஜன்னலைத் திறங்கள், கூட இருப்பவர்கள் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், தட்டை அவரிடமே கொடுங்கள் என்று சொல்ல ஒருவர் வீடு வரை வர வேண்டியிருக்கிறது.

கரன்ட் போன ராத்திரி

கொரோனாவுக்குப் பிறகு நம் வீடுகளுக்குள் இரண்டு பொருட்கள் வந்துவிட்டன. ஒன்று, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர். இன்னொன்று, சில வீடுகளில், ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர். இரண்டையும் சரியாகப் பயன்படுத்தத் தெரிவது முக்கியம்.

ஆரோக்கியமானவருக்கு ஆக்ஸிமீட்டரில் 95-க்கு மேல் காட்ட வேண்டும். ஆனால் முற்றிய சிஓபிடி உள்ளவருக்கு டாக்டர்கள் வைக்கும் இலக்கு பெரும்பாலும் 88 முதல் 92 வரைதான். இது தெரியாமல், ‘எண் கம்மியா இருக்கே’ என்று பாசத்தில் திருகை முறுக்கிவிடுகிறார்கள். அப்படிப்பட்டவருக்கு ஆக்சிஜன் அதிகமானால் உடம்பில் கரியமில வாயு தேங்கி, தூக்கம் சொக்கி, நினைவு தப்பும் நிலைகூட வரலாம். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாரோ, அதுவே மருந்தின் அளவு. மாத்திரையை இஷ்டத்துக்கு இரண்டாக்குவோமா? ஆக்சிஜன் ஓடும் அறையில் பீடி, விளக்கு, கற்பூரம் எதுவும் கூடாது என்பதையும் மறக்கக் கூடாது.

கடலோரத்தில் இன்னொரு கவலையும் சேர்ந்துகொள்கிறது. 2011 டிசம்பர் 30-ல் ‘தானே’ புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்தபோது, பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30-ல் ‘ஃபெஞ்சல்’ புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தெருவெல்லாம் ஆறு. அப்படிப்பட்ட ராத்திரியில் கரன்ட் போனால் கான்சன்ட்ரேட்டர் வெறும் பெட்டி.

அதனால் புயல் எச்சரிக்கை வந்ததுமே, சிலிண்டர் இருக்கிறதா, எத்தனை மணி நேரம் வரும் என்று கணக்குப் போட்டுவிட வேண்டும். 1,500 லிட்டர் ஆக்சிஜன் கொள்ளும் சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வேகத்தில் பன்னிரண்டரை மணி நேரம் வரும். பயத்தில் 4 லிட்டராகக் கூட்டினால் ஆறேகால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். புயல் ஓய்ந்து ஆம்புலன்ஸ் வருவதற்கு விடியவேண்டும் என்றால், அந்த ஆறேகால் மணி நேர வித்தியாசம் ஓர் உயிர். மழைக்கு முன்பே நோயாளியை ஆஸ்பத்திரியிலோ மேட்டில் இருக்கும் உறவினர் வீட்டிலோ சேர்ப்பது இன்னும் நல்லது.

புயல் இல்லாத நாளிலும் தாமதிக்கக் கூடாத நேரங்கள் உண்டு. இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, தூங்கித் தூங்கி விழுகிறார், பேச்சு குழறுகிறது, பம்பு எடுத்தும் அடங்கவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழைத்துவிட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

விசிறி பிடிக்கும் கை

மருந்தால் இனிப் பெரிதாக மாற்ற முடியாது என்ற கட்டமும் சிலருக்கு வரும். அப்போதும் செவிலியம் முடிந்துவிடுவதில்லை. வாயைத் துடைத்துச் சுத்தமாக வைப்பது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பது, கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை ஊட்டுவது, உட்கார்ந்த நிலையிலேயே தூங்கத் தலையணைகளை அடுக்குவது. எல்லாம் சின்னச் சின்ன வேலைகள். நிமோனியாவும் படுக்கைப் புண்ணும் வராமல் இவை தடுக்கின்றன.

இன்னொன்றும் இருக்கிறது: விசிறி. மூச்சு முட்டுகிறவரின் முகத்துக்கு, குறிப்பாக மூக்குக்கும் கன்னத்துக்கும், மெல்லக் காற்று வீசினால் மூச்சுத் திணறல் என்ற உணர்வே குறைகிறது என்று மருத்துவ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முகத்தின் நரம்புகளில் படும் குளிர்ச்சி, மூளையின் பதற்றத்தைத் தணிக்கிறது. கையடக்க விசிறியை இன்று மேலைநாட்டு மருத்துவமனைகளே நோயாளிகளுக்குக் கொடுக்கின்றன. நம் ஆயாக்கள் பனையோலை விசிறியோடு தலைமாட்டில் உட்கார்ந்து ராத்திரி முழுக்கச் செய்ததும் அதுதான்.

விசிறி பிடிக்கும் அந்தக் கை பெரும்பாலும் ஒரு பெண்ணின் கை. விடியற்காலையில் மீன் வாங்கக் கிளம்ப வேண்டியவரும் அவர்தான். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியவரும் அவர்தான். அனுபவப்பட்ட சிஸ்டர்கள் நோயாளியின் மூச்சை எண்ணி முடித்ததும், பக்கத்தில் நிற்கும் அந்தப் பெண்ணிடம் திரும்பி, “நீ ராத்திரி தூங்குனியாம்மா?” என்று கேட்பார்கள். இல்லை என்றால், வீட்டில் இருக்கும் மகனைக் கூப்பிட்டுத் தலையணை அடுக்கவும் பம்பு கொடுக்கவும் கற்றுத் தருவார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். பெரிய படகுகள் கரையில் நிற்கும். அதில் போகும் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். வலையைப் பிரித்துச் சரிசெய்யும் காலம் அது. வீட்டில் இளைப்புக்காரர் ஒருவர் இருந்தால், அவருக்கு எப்படித் துணையாக இருப்பது என்று மகன்களும் கற்றுக்கொள்ள, அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.